கைக்கு எட்டும் இடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நல்ல பழக்கங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு இருந்த அக்கறை வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் ‘மன உறுதியோடு 21 நாள் ஒரு வேலையைச் செய்தால் அது வாழ்நாள் பழக்கமாகிவிடும்’ என்று ஒரு வரியைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 34 ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தொழில் பழக்கத்தில்தான் ஓடுகிறது. எனக்குக் கீழே வேலை பழகிய பெண்களில் எத்தனையோ பேர், ஏதோ ஒரு நல்ல வழக்கத்தை ஆரம்பித்து மூன்று வாரம் ஓட்டி, நாலாவது வாரம் நழுவவிட்டு, ‘எனக்கு மன உறுதியே கிடையாது சிஸ்டர்’ என்று என்னிடம் வந்து கண் கலங்கியிருக்கிறார்கள். தொடர்ந்து ஐந்து நாள் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற பெண்ணுக்கா மன உறுதி கிடையாது? அவளுக்குக் கொடுத்த கணக்கு தப்பு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அந்த 21. 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த எண் அது. அறுவை சிகிச்சை முடிந்து முகம் மாறிய பிறகு, அந்தப் புது முகத்துக்கு மனம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் நோயாளிகளிடம் கண்டதை அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. கண்ணாடியில் தெரியும் முகத்துக்குப் பழகுவதும், தினமும் ஒரு வேலையைத் தானாகச் செய்யப் பழகுவதும் ஒன்றா?

இதையே முறையாக அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறிது நேரம் ஓட்டம், இப்படி. அது ‘யோசிக்காமலே வருகிறது’ என்ற நிலைக்கு வர ஆன நாள்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற எண் 66. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. 12 வாரத்தைத் தாண்டுபவர்களுக்கு அவர்கள் போகும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொன்ன எண் அந்த 254. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி நாள் எடுத்தது. இன்னொன்றும் பார்த்தார்கள்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. என்னிடம் அழுத பெண்களுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அப்போது எனக்கே தெரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பணியில் சேர்ந்து ஆறு ஆண்டு ஆகியிருக்கும். நைட் டியூட்டி, அன்று தொடர்ந்து மூன்றாவது இரவு. முப்பது படுக்கைக்கு நானும் இன்னொரு சிஸ்டரும் மட்டும். இரண்டு பேருக்கான ஊசி மருந்தை ஒரே ட்ரேயில் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒருவருக்கு உரியதைத்தான் எடுக்க வேண்டும் என்பது முதல் பாடம். ஆள் பற்றாத இரவில் அதை மீறினேன். ட்ரேயைக் கையில் எடுக்கும்போது ஒருவர் ஓடி வந்து, ‘சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் வாங்களேன்’ என்றார். போனேன். அவரைத் தூக்கி உட்காரவைத்து, ஆக்ஸிஜன் மாட்டி, டாக்டரைக் கூப்பிட்டு, மூச்சு சீராகும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். உடம்பு ட்ரேயிடம் வந்துவிட்டது, மனம் அந்தப் பெரியவரிடமே இருந்தது. ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு 14-ஆம் படுக்கைக்கு நடந்தேன். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வாய், ‘உங்க பேரைச் சொல்லுங்கய்யா’ என்றது.

அரைத்தூக்கத்தில் அவர் ஒரு பெயரைச் சொன்னார். ஊசியில் ஒட்டியிருந்த சீட்டில் வேறு பெயர் இருந்தது.

கை அப்படியே நின்றது. என் கையில் இருந்தது 12-ஆம் படுக்கைக்காரருக்கு உரிய மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி. 14-இல் படுத்திருந்தவருக்கு முந்தின நாள்தான் வயிற்றில் இரத்தக்கசிவு நின்றிருந்தது.

இத்தனை வருடம் கழித்தும் அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அப்போது என்னிடம் கவனம் இல்லை. மன உறுதி என்று சொல்லும்படியாகவும் எதுவும் மிச்சமில்லை, காலே தள்ளாடிக்கொண்டிருந்தது. அவரையும் என்னையும் காப்பாற்றியது ஒரு பழக்கம். மணிக்கட்டைத் தொட்டால் வாய் பெயரைக் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மருந்து கொடுப்பதில் ஐந்து ‘சரி’ உண்டு என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தேர்வில் கேட்டால் எல்லாரும் ஒப்பிப்போம். அக்கா அதை எங்களிடம் ஒரு முறைகூட ஒப்பிக்கச் சொன்னதில்லை. பின்னால் வந்து நிற்பார். ‘நீங்க இன்னார்தானே என்று கேட்காதே. மயக்கத்தில் இருக்கிறவர் எதற்கும் ஆமாம் என்பார். பெயர் அவர் வாயிலிருந்து வரணும்’ என்பார். எப்போது கேட்க வேண்டும் என்பதற்கும் ஒரு குறி வைத்துக் கொடுத்தார். நோயாளியின் பெயர் எழுதிய கைப்பட்டையைப் பார்க்க மணிக்கட்டைத் தொடுகிற அந்த நொடிதான் கேட்கிற நொடி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறந்தால் திட்ட மாட்டார். ‘கையை எடு. மறுபடி பிடி’ என்பார். எடுத்துவிட்டு, மறுபடி மணிக்கட்டைப் பிடித்து, பெயரைக் கேட்க வேண்டும். பாதியிலிருந்து தொடர விட மாட்டார், முதலிலிருந்துதான். வாரக்கணக்கில் இப்படி. அப்போது எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. தொடுவதையும் கேட்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு புரிந்தது. திட்டியிருந்தால் பயம் வந்திருக்கும். இரவு மூன்று மணிக்கு, ஆள் இல்லாத வார்டில், பயம் என்ன வேலை செய்யும்?

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அதை அப்படியே மெய்ப்பித்த ஒரு மனிதரைப் பற்றி நரம்பியல் வார்டில் இருந்தபோது தெரிந்துகொண்டேன். மருத்துவ உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தால்தான் வெகு காலம் அறிந்திருந்தது. ஹென்றி மோலைசன் என்ற முழுப் பெயர் 2008-இல் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். யாருக்கும் முதலில் கை கோணும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய கோடு ஒழுங்காகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முதல் முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். நினைவு இல்லை, கைப்பழக்கம் மட்டும் இருக்கிறது. மூளையில் இரண்டும் வேறு வேறு இடத்தில் குடியிருக்கின்றன என்பது அப்போது தெளிவானது.

பழக்கம் குடியிருக்கும் இடங்களில் முக்கியமான ஒன்று மூளையின் அடியாழத்தில் இருக்கிற பேசல் கேங்க்லியா. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளைப் பாதை பழக்கிப் பார்த்தபோது, பழகப் பழக அங்குள்ள நரம்பணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன, நடுவில் அடங்கிவிட்டன. தொடக்கம் கிடைத்துவிட்டால் மற்றது தானே ஓடும். மணிக்கட்டுதான் என் தொடக்கம்.

சரி, இது உயிர்காக்கும் தொழில், எங்களுக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஆகவே இன்னொரு சாதாரண விஷயத்தைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகள் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. நோயாளிகளின் சார்ட் எழுதுவதை டியூட்டி முடிவுக்குத் தள்ளிவிடுவேன். பிபி, காய்ச்சல், எவ்வளவு டிரிப்ஸ் போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, எல்லாவற்றையும் கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் கிறுக்கி வைப்பேன். டியூட்டி முடிந்ததும் மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுத ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். வீட்டில் பிள்ளை காத்திருப்பாள். எழுதும்போது ‘இந்த 150 மில்லி எட்டுக்கா, ஒன்பதுக்கா’ என்று சந்தேகம் வரும். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் ‘இனி உடனுக்குடன் எழுதுவேன்’ என்று முடிவெடுப்பேன். பத்து நாள் தாங்கும்.

மாறியது எப்படி என்றால், முடிவெடுப்பதை விட்டேன். ‘உடனுக்குடன்’ என்பது ஒரு நேரமே இல்லை என்று ஒரு நாள் உறைத்தது. எந்த நொடி அது? அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன்: பிபி கருவியின் பட்டையை நோயாளியின் கையிலிருந்து கழற்றினால், அதைச் சுருட்டி வைப்பதற்கு முன் பேனாவை எடுக்க வேண்டும். சார்ட் முன்பெல்லாம் மேஜையில் அடுக்கி இருக்கும். அதைப் படுக்கையின் கால்மாட்டில் மாட்டச் சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். பேனாவை ஒரு கயிற்றில் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் மாதம் பாதி நாள் மறந்தது. மறந்தது தெரிந்தால், அக்கா சொன்னபடி, பட்டையை மறுபடி விரித்துவிட்டு எழுதிவிட்டுச் சுருட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு விநோதமாகத்தான் இருந்திருக்கும். அவசரக் கேஸ் வந்த நாள்களில் மொத்தமாகப் பழைய வழிக்கே போனேன், மறுநாள் திரும்ப வந்தேன். இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் டியூட்டி முடிந்து மணியைப் பார்த்தால், எழுத எதுவும் பாக்கியில்லை. அன்று பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருந்தேன். அதை மறக்கவே மாட்டேன்.

‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று குறித்து வைக்கிற இந்த முறையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்தே ஆராய்ந்து வந்திருக்கிறார் என்று பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே ‘செய்வேன்’ என்று நினைப்பதைவிட இப்படிக் குறித்துக்கொள்வது தெளிவாகவே கூடுதல் பலன் தந்திருந்தது. எனக்கு அந்த வகுப்பில் பெருமையாக இருந்தது. யாரும் சொல்லாமல் அக்கா அதைச் செய்துகொண்டிருந்தாரே.

பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பார்வையில் இது மன உறுதியைவிடப் பத்து மடங்கு பெரியது.

கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1847-இல் வியன்னாவின் பிரசவ வார்டில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்து வருகிறவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த ஏப்ரலில் 100 தாய்மார்களில் ஏறக்குறைய 18 பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது இரண்டு பேர் அளவுக்கு இறங்கிவிட்டது. இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா? இருந்தும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1994-இல், ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் ஊழியர்கள் செய்தார்கள். எல்லாரும் படித்தவர்கள், எல்லாருக்கும் செம்மல்வைஸ் கதை தெரியும். காரணத்தை வார்டில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும், அதுவும் குழாயடிக்குப் போய் வருகிற நேரம் சேராமல். பரபரப்பான வார்டில் கழுவ வேண்டிய தருணம் ஒரு மணி நேரத்துக்குள் பல முறை வரும். கூட்டிப் பார்த்தால் கழுவுவது மட்டுமே வேலையாகிவிடும்.

அவர்கள் ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஆல்கஹால் கைத்தேய்ப்பு பாட்டிலை வைத்தார்கள். 20 முதல் 30 விநாடி போதும், நின்ற இடத்திலேயே. சுவரொட்டி ஒட்டினார்கள், எண்ணிக்கையைத் திரும்பச் சொன்னார்கள், மேலிடமும் துணை நின்றது. 1997 முடிவில் 48 என்பது 66 சதவீதமானது. இதில் நான் அடிக்கோடிட்டுப் படித்தது ஒன்று உண்டு: குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுவது முன்பு எவ்வளவோ பின்பும் அவ்வளவே. கூடியது முழுக்க, கைக்கு எட்டிய பாட்டில்தான்.

நான் இன்சார்ஜ் ஆன பிறகு என் வார்டிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். பாட்டில்கள் எல்லாம் மருந்து டிராலியின் கீழ்த்தட்டில் இருந்தன. பெண்கள் குனிய வேண்டும். ஒரு சின்னப் பெண்ணை, கை சுத்தம் செய்யாமல் அடுத்த படுக்கைக்குப் போகிறாள் என்று மூன்று முறை எல்லார் எதிரிலும் கண்டித்திருந்தேன். நாலாவது முறை கண்டிக்கப் போகையில் அவள் இரு கையிலும் துணிகள் இருப்பதைப் பார்த்தேன். குனிந்தால் அவை தரையில் படும். அன்று மாலையே பாட்டில்களைப் படுக்கைச் சட்டத்தின் வலது மூலையில் கம்பி வைத்துக் கட்டினோம். ஒரு வாரத்தில் அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவளைக் கண்டித்ததற்காக அவளிடம் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் சொன்னேன். எல்லார் எதிரிலும் சொல்லியிருக்க வேண்டும். கண்டித்தது எல்லார் எதிரிலும்தானே.

அலுவலகம் நடத்துகிறவர்கள், கடை நடத்துகிறவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து இதை யோசித்துப் பாருங்கள். ‘பொறுப்பில்லை’ என்று ஒருவரைச் சொல்வதற்கு முன், அவர் செய்ய வேண்டிய வேலைக்கு உரிய பொருள் எங்கே இருக்கிறது, எந்தக் கணத்தில் அவர் அதைச் செய்ய முடியும், அந்தக் கணத்தில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள 20 ஆண்டுக்கு மேல் ஆனது.

சொந்த வாழ்க்கையிலும் இதே பாடம்தான். நடைப்பயிற்சி. எல்லாரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. நைட் டியூட்டியில் ஐந்து மணிக்கு நான் நோயாளிக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருப்பேன். கடிகாரத்தில் கட்டிய பழக்கம் ஷிப்ட் மாறும்போதெல்லாம் அறுந்தது. கடைசியில் காலணியில் கட்டினேன். டியூட்டி எப்போது முடிந்தாலும், வீட்டு வாசலுக்கு வந்ததும் காலணியைக் கழற்றாமல், பையை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நடப்பது. பத்தே நிமிடம். கால் வலித்தால் ஐந்து. ஆனால் காலணியைக் கழற்றுவதற்கு முன். கழற்றிவிட்டால் அன்று நடை கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஷிப்டில் வேலை பார்க்கிற காவலர்கள், ஓட்டுநர்கள், தொழிற்சாலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழக்கத்தை மணியில் கட்டாதீர்கள், தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு செயலில் கட்டுங்கள். சட்டை மாற்றுவது, சாவியை மாட்டுவது, எதுவானாலும் சரி.

அப்புறம் போன். தலைமாட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்ததைக் கூடத்துக்கு மாற்றினேன், தூக்கம் திரும்பி வந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பழக்கத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கண் மூடிவிடும். அறுவை சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் சரிபார்க்க 19 அம்சம் கொண்ட பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்தது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. எல்லாரும் ஒரு நிமிடம் கையை நிறுத்தி, நோயாளியின் பெயரையும் எந்தப் பக்கம் அறுவை என்பதையும் வாய்விட்டுச் சொல்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆனால் அதே பட்டியல் கடைசியில் மொத்தமாக டிக் அடிக்கப்பட்டு மேஜையில் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கை பழகிவிட்டது, கண் வெளியே போய்விட்டது.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து வாயைத் திறப்பதுதான். ஜப்பானில் ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி அதன் நிலையைச் சத்தமாகச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, சுட்டிச் சொன்னவர்களின் பிழை, வெறுமனே பார்த்தவர்களின் பிழையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இருந்தது. என் வார்டில் மருந்துப் பாட்டிலை எடுக்கும்போது அதன் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். புதிதாக வருகிற பெண்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். நோயாளிகள் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்பார்கள். கேட்கட்டுமே. தன் மருந்தின் பெயர் ஒருவர் காதில் விழுவதில் என்ன தவறு? ஒரு முறை ஒரு பாட்டி, ‘சிஸ்டர், நேத்து அந்தப் பொண்ணு வேற பேரு சொல்லிச்சே’ என்று சொல்லி, டாக்டர் மருந்தை மாற்றியது சார்ட்டில் ஏறாததை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார்.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற பழமொழியைக் காட்டி, இந்த வயதில் இனி என்ன மாறப் போகிறது என்று சொல்கிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். பழமொழி பழக்கத்தின் பலத்தைச் சொல்கிறது, தொட்டிலோடு கதவு மூடிவிடும் என்று சொல்லவில்லை. சார்ட் எழுதும் பழக்கம் எனக்கு வந்தது 38 வயதில். நடை வந்தது 45-க்குப் பிறகு.

ஆகவே, ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழக்கங்களைப் பற்றி அடுத்த முறை தொடர் வெளியிடும்போது அந்த 21 நாள் கட்டத்தைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், ஆளுக்கு ஆள் மாறும், ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வெற்றி பெற்ற பெரிய மனிதர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பதற்கு ஒதுக்குகிற இடத்தில் பாதியை, பழக்கத்தை நம்பியே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுங்கள். ரயில் ஓட்டுகிறவர், மின்கம்பத்தில் ஏறுகிறவர், இரவில் வார்டு பார்க்கிற ஒரு செவிலி, இவர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கணினியில் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது. காலையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டியதும் பத்து நிமிடம் பயிற்சி. விசைப்பலகை கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று 97-ஆம் நாள். ஆறு நாள் விட்டுப்போயிருக்கிறது. சுண்டுவிரலால் தொட வேண்டிய எழுத்துகளுக்கு மட்டும் இன்னும் கண் கீழே போகிறது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்